சிந்தனைக்கும் ஒரு மண் உண்டு



நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று, சிற்றூரில் தனித்திருந்த முதியவரை நகரத்திற்கு அழைத்து வந்தது. நான்காம் மாடியில் வீடு. வந்த சில நாள்களிலேயே அவரைப் பற்றிய கவலை அனைவரையும் பற்றிக்கொண்டது. “மாமா, மருந்து அலமாரியில் இடப்பக்கம் இருக்கிறது” என்று மருமகள் சொன்னால், அவர் சற்றுத் திகைத்து, “வடக்கேயா, தெற்கேயா?” என்று கேட்பார். கடைக்குச் சென்றால் திரும்பும் வழி தெரியாது தெருமுனையில் நிற்பார். தந்தைக்கு அறிவு தளர்ந்துவிட்டதென மகன் முடிவு கட்டி, அவர் தனியே வெளியே செல்வதை நிறுத்திவிட்டார். முதியவரும் தம்மையே ஐயுறத் தொடங்கினார். அவருடைய பேச்சும் குறைந்தது.

கோடை விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குச் சென்றனர். ஓர் இரவு மின்சாரம் நின்றுபோயிற்று. கட்டிலில் இருந்தபடியே முதியவர், “மேற்குச் சுவர் மாடத்தில் தீப்பெட்டி, அதற்கு வடக்கே விளக்கு” என்றார். இருளில் தடுமாறி நின்றவர் மகன்தான்!

முதியவரின் அறிவில் குறையேதுமில்லை. அது வேரூன்றிய மண் வேறு, அவ்வளவே. இடமும் வலமும் நம் உடலைச் சார்ந்தவை. நாம் திரும்பினால் அவையும் திரும்பும். வடக்கும் தெற்கும் நிலத்தைச் சார்ந்தவை. நாம் எப்படித் திரும்பினாலும் அவை மாறுவதில்லை. மேலத்தெரு, கீழத்தெரு என வாழ்ந்த ஒருவர், ஞாயிறு எழுவதும் மறைவதும் தெரியாத அறைக்குள் திசையிழந்து நின்றதில் வியப்பில்லை.

நம் திசைச் சொற்களே மண்ணிலிருந்து பிறந்தவை. மேற்கு என்பதில் ‘மேல்’ இருக்கிறது. கிழக்கு என்பதில் ‘கீழ்’ இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கடலை நோக்கிச் சரியும் நிலம் நமது. வைகையும் தாமிரபரணியும் கிழக்கு நோக்கியே ஓடுகின்றன. நிலத்தின் மேடும் பள்ளமும் சொல்லாகி, அச்சொல் நாம் உலகை அளக்கும் கோலாயிற்று.

மலைக்கு அப்பால் கேரளத்தில் நிலம் எதிர்ப்புறமாகச் சரிகிறது. அங்கே கிழக்குதான் உயர்ந்த பக்கம். எனினும் மலையாளத்திலும் அத்திசைக்குக் கிழக்கு என்பதே பெயர். மேற்கையோ அவர்கள் ஞாயிறு படும் திசை என்னும் பொருளில் ‘படிஞாறு’ என்பர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், மலையாளத்தின் வேர் மலைக்குக் கிழக்கே உள்ளதென்பதற்கு இச்சொல்லைச் சான்றாகக் காட்டினார். மண் மாறியும் சொல் மாறவில்லை! நாம் விட்டு வந்த நிலம், நமக்குத் தெரியாமலே நம் நாவிலும் நினைவிலும் தொடர்ந்து வருகிறது.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதா, சிந்தனையையும் தொடுவதா? 1990களில் எரிக் பெடர்சன் என்னும் மொழியியலார் தமிழரிடையே இதனை ஆராய்ந்தார். அவரும் அவருடைய தோழர்களும் பல நாடுகளில் நடத்திய சோதனை எளியது. மேசைமேல் பொம்மை விலங்குகள் வரிசையாக வைக்கப்படும். அதைப் பார்த்தவர் பின்புறம் திரும்பி, வேறொரு மேசையில் அதே வரிசையை அமைக்க வேண்டும். இடமிருந்து வலமாக நின்றதை மீண்டும் இடமிருந்து வலமாகவே வைப்பவர் ஒரு வகை. வடக்கு நோக்கி நின்றதை வடக்கு நோக்கியே வைப்பவர் மற்றொரு வகை. டச்சுக்காரர் பெரும்பாலும் முதல் வகையினர். தமிழரிலோ, இடம் வலம் என்று பேசிப் பழகிய நகரத்தாரும், திசை சொல்லிப் பேசும் சிற்றூராரும் வேறுபட்டனர். மொழி ஒன்றே, ஆயினும் வாழும் சூழல் வேறு, பேச்சு வழக்கும் வேறு.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே கூகு யிமிதிர் மொழி பேசும் பழங்குடியினர் உள்ளனர். 1770இல் கேப்டன் குக் குழுவினர் ‘கங்காரு’ என்னும் சொல்லைக் கற்றது இவர்களிடமே. இவர்களது மரபுவழிப் பேச்சில், அருகிலுள்ள சிறு பொருளின் இடத்தையும் திசையாலேயே குறிப்பர். கண்ணுக்கெட்டாத ஊர்கள் எத்திசையில் உள்ளன என்று வினவியபோது, அவர்கள் சிறு பிழையோடு சரியாகவே சுட்டினர் என்கிறார் ஆய்வாளர் ஸ்டீபன் லெவின்சன்.

அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லாமல் இல்லை. 2002இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், இதற்குக் காரணம் மொழியன்று, சுற்றுப்புறமே என வாதிட்டனர். சோதனை நடக்கும் இடத்தை மாற்றினால் விடையும் மாறுவதை அவர்கள் காட்டினர். காரணம் எதுவாயினும் நமக்கு ஒன்று தெளிவாகிறது. பழக்கம் மனத்திற்குத் தடம் போடுகிறது. ஆனால் தளை பூட்டுவதில்லை. “பட்டிக்காட்டார் அப்படித்தான்” என்று ஒருவரை ஒதுக்குவது, அவரை அறிவற்றவர் என்பதைப் போலவே பெரும் பிழையாகும்.

நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். வேற்றூரிலிருந்து வந்த மருமகள், கிராமத்திலிருந்து வந்த பாட்டி, வெளிநாட்டில் வளர்ந்த பேரன் ஆகியோர் நம்மைப் போல் எண்ணாதபோது, “இதுகூடத் தெரியவில்லையே!” என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். நமக்கு இயல்பாகத் தோன்றுவதெல்லாம் உலகுக்கே இயல்பென்று கருதுவதால் வரும் தீர்ப்பு அது. முதியோரின் மறதி நோயாகவும் இருக்கலாம். மருத்துவரைக் காண்பது நம் கடமை. ஆனால் தீர்ப்பு வழங்குமுன், அவர் எந்த மண்ணில் நின்று பேசுகிறார் என்று கேட்பதும் கடமையன்றோ?

ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் விடியலில், பேரன் பாட்டனாரை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்றான். ஞாயிறு எழும் திசையை இருவரும் பார்த்துக்கொண்டனர். இப்போது முதியவர் தாமே கடைக்குச் சென்று வருகிறார். அவ்வீட்டில் மருந்து அலமாரியின் வடக்குப் பக்கம் இருக்கிறது. மருமகளும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்.