தனி ஆவர்த்தனமும் கேட்கத்தக்கதே

தை பிறந்தும் மயிலைக் கபாலீசுவரர் கோயில் பிராகாரத்தில் மார்கழிக் கச்சேரிப் பேச்சு ஓயவில்லை. மாலை தரிசனம் முடித்து அமர்ந்த முதிய அன்பர் இருவர், தாம் கேட்ட கச்சேரிகளைச் சீர்தூக்கிக்கொண்டிருந்தனர்.

"தோடி ஆலாபனை நெஞ்சை உருக்கிற்று. மிருதங்கந்தான் சோபிக்கவில்லை" என்றார் ஒருவர்.

"தனி ஆவர்த்தனம் கேட்டீரா?" என வினவினார் மற்றவர்.

"இல்லை. அப்பொழுது காபி அருந்தச் சென்றுவிட்டேன்."

மற்றவர் புன்னகைத்தார். "கச்சேரி முழுவதும் பாட்டுக்கு அணைந்து வாசித்தவர், தமக்கெனப் பெறுவது அந்தச் சில நிமிடங்களே. மிருதங்கமும் கடமும் மாறி மாறி உரையாடி, குறைப்பில் நெருங்கி, மோராவும் கோர்வையும் நிறைந்து, பாட்டின் எடுப்பில் வந்து சேரும் அழகைக் கேளாமல் தீர்ப்புக் கூறலாமா? பாலக்காடு மணி ஐயர், பழநி சுப்பிரமணிய பிள்ளை ஆகியோரின் தனிக்கெனவே காத்திருந்தவர்கள் நம் தலைமுறையினர் அல்லரோ? முதுமையில் எழ நேரின், பாடல்களுக்கிடையே எழலாமே! ஆடல்வல்லானின் கூத்துக்கு மத்தளம் முழக்குபவர் நந்தியெம்பெருமான். அவர் வாசிக்கையில் எழுந்து செல்வோமா?"

முன்னவர் மறுமொழி கூறவில்லை. சந்நிதியில் தீபாராதனை மணி ஒலிக்கவே இருவரும் எழுந்து கைகூப்பினர்.

மறுவாரம் ஒரு சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பலர் வாயிலை நோக்கி நடந்தனர். அம்முதியவரோ தொடையில் தாளமிட்டவாறு இறுதிவரை அமர்ந்திருந்தார். கச்சேரி முடிந்ததும் மேடையருகே சென்று, "கோர்வை மிக அழகாக அமைந்தது" என்றார். இளம் மிருதங்கக் கலைஞர் அவர் பாதம் தொட்டு வணங்கினார்.

முழுவதும் கேட்டவர் சொல்லே கலைஞருக்கு ஆசியாகும். அவர் கூறும் குறையும் அவ்வாறே.