முப்பத்தொன்றுக்கும் மதிப்பெண் வேண்டும்

பெங்களூரு வைட்ஃபீல்டு மென்பொருள் நிறுவனங்களில் வேலை தேடும் பிள்ளைகள் படிக்கும் திறனறித் தேர்வுப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். 1, 2, 4, 8, 16, அடுத்து என்ன? விடைப் பக்கத்தில் 32. இரட்டிப்பது ஒரு விதி, சரி. ஆனால் ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேர்கோட்டால் இணைத்து, வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டாகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து புள்ளி வரை இதே 1, 2, 4, 8, 16தான். ஆறாவது புள்ளியை வைத்தால் 31. புள்ளிகளை எப்படி நகர்த்தினாலும் 32 வராது. எந்த ஐந்து எண்ணுக்கும் பொருந்தும் விதிகள் எண்ணற்றவை என்பது கணிதம் படித்த எவருக்கும் தெரியும். அப்படியிருக்க, 31 என்று குறிக்கிற பிள்ளையின் காரணத்தைக் கேட்காமலே தேர்வைத் திருத்தும் கணினி அதைத் தவறென்று கழிப்பது என்னை வருத்துகிறது. விதியை எழுதத் தேர்வு நடத்துபவர்கள் விடைக்குக் கீழே இரண்டு வரி இடம் விடட்டும். வேலைக்கு எடுப்பவர்கள் படிக்க வேண்டியது அந்த இரண்டு வரியைத்தான்.