அன்னபேதியும் வெப்பமானியும்

தமிழ் கற்கும் மாணவர்க்கு இரசாயனசாலையில் என்ன வேலை என்று வினவுவோர் நம் கல்லூரியில் உளர். வினா நியாயமானதே. ஆயினும் தமிழிலே எழுதப்பெற்ற சித்த மருத்துவ நூல்களை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தவர் அவ்வாறு வினவார். படிகாரம், துருசு, அன்னபேதி, வெண்காரம், வெடியுப்பு, பூரம், வீரம் என அந்நூல்களிற் பயிலும் பெயர்கள் யாவும் உலோக உப்புகளின் பெயர்களே. அவற்றைத் தீயிலிட்டால் உருகுமோ, பொங்குமோ, புகையாய்ப் போமோ, நிற்குமோ என்பதே அந்நூல்களின் செய்முறைப் பகுதிகளில் இடையறாது வரும் பேச்சு. அப்பேச்சைச் சொல்லளவிற் கற்றுப் பொருளளவில் அறியாது விடுதல் எங்ஙனம் தமிழ்க் கல்வியாகும்?

இஃது ஏட்டளவில் நிற்கும் வழக்கும் அன்று. நம் கல்லூரி 1937ஆம் ஆண்டில் தாம்பரத்துக்குக் குடிபுகுந்தது. அதற்கு முன்னரே, 1928இல், டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பார் காசநோயாளர்க்கென இங்கு ஒரு சானடோரியம் நிறுவினார். அப்பெயரே இரயில் நிலையத்துக்கும் பெயராயிற்று. அவ்விடத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நடைபெறுகின்றது. மின்சார வண்டியில் வந்திறங்கி அங்குச் செல்லும் நோயாளர் பெறும் பொட்டலங்களில் பற்பமும் செந்தூரமும் உண்டு. ஏட்டில் உள்ள சொல் நம் அண்டை அயலார் வயிற்றுக்குட் செல்லும் மருந்தாகவும் இருக்கின்றது என்பதை மறத்தற்கில்லை.

முதலிற் சொற்களை நோக்குவோம். படிகாரத்தைச் சட்டியிலிட்டுச் சூடேற்றினால் சென்டிகிரேடு 92 பாகை அளவிலேயே அது நீராய் இளகக் காண்கின்றோம். உண்மையில் அஃது உருகுதல் அன்று. தன் படிகத்துள் அடங்கிய நீரிலே அவ்வுப்பு தானே கரைகின்றது. மேலும் சூடேற்ற அந்நீர் கொதித்துப் பொங்கி வெளியேற, வெண்ணிறப் பொரியொன்று எஞ்சும். நூறு பங்கு படிகாரத்தில் நீர் மட்டும் 45 பங்குக்கு மேல் உண்டு என்பர் இரசாயனர். நம் வைத்தியரோ இதனை உருக்குதல் என்னாது பொரித்தல் என்றே வழங்கினர். வெண்காரத்துக்கும் அச்சொல்லே. ஈயம் போல்வன இளகியோடுதற்கு உருகுதல் என்றும், சுண்ணமாய்ச் சிதைதற்கு நீறுதல் என்றும், ஆவியாய் எழுந்து மேற்சட்டியிற் படிவதற்குப் பதங்கித்தல் என்றும் வேறுவேறு சொற்கள் வைத்தனர். பள்ளிப் பிள்ளைகள் இன்று பதங்கமாதல் என்று படிக்கும் சொல்லின் பிறப்பிடம் அந்த இரு சட்டிகளின் இடைவெளியே. கண்ணாற் கண்டு வேறுபாடறிந்தவர் இட்ட சொற்கள் இவை. அகராதியில் இவற்றை ஒன்றாய்க் கலந்து பொருளுரைத்தல் அவர்க்கு நாம் இழைக்கும் அநீதி என்பது எம் துணிபு.

இனி அன்னபேதி. பச்சை நிறமுள்ள இவ்வுப்பு இரும்பின் சல்பேட்டு. ஏழு பங்கு நீரோடு கூடியது. இதனை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி, உலர்த்திப் புடமிட்டால் அன்னபேதிச் செந்தூரம் கிடைக்கும். வெளுப்பு நோய்க்கு அதனைக் கொடுப்பர். தீயில் நிகழ்வது யாது? முதலில் நீர் படிப்படியாய் நீங்கும். எஞ்சிய உலர்ந்த சல்பேட்டு, ஏறத்தாழ 680 பாகையை எட்டும்போது சிதைந்து, கந்தகத்தின் ஆவிகளை விடுத்து, செந்நிற இரும்பு ஆக்ஸைடாய் நிற்கும். ஐரோப்பியரும் நெடுங்காலம் இவ்வழியே பச்சை உப்பைச் சுட்டு அவ்வாவியைப் பிடித்துக் கந்தகத் திராவகம் வடித்தனர். செம்பொடியை மெருகேற்றவும் வண்ணமாகவும் பயன்படுத்தினர்.

இங்குத்தான் ஓர் இடர் உளது. புடத்தின் சூட்டை நம் முன்னோர் வறட்டியின் கணக்கால் அளந்தனர். காடைப் புடத்துக்கு ஒரு வறட்டி என்பர். கஜ புடத்துக்கு ஆயிரம் என்பர். அடுப்புத் தீக்கும் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி எனப் படிவகுத்தனர். வெப்பமானி இல்லாத காலத்தில் இதனினும் நல்ல அளவை வேறு யாது இருந்திருக்கும்? ஆனால் வறட்டிக்கு வறட்டி பருமன் வேறு. ஐப்பசி மழையில் நனைந்ததற்கும் சித்திரை வெயிலிற் காய்ந்ததற்கும் சூடு வேறு. குழியின் ஆழமும் அன்று வீசிய காற்றும் வேறு. ஒரே கைபாகத்தில் ஒரே வைத்தியர் செய்த இரு புடங்கள் ஒத்த சூட்டை எட்டின என்பதற்கு என்ன உறுதி? சூடு குறைந்தவிடத்து வில்லை மேலே சிவந்திருப்பினும் உள்ளே சல்பேட்டு எஞ்சியிருத்தல் கூடும். நிறத்தை மட்டும் நம்புவோர் இதனை அறியார்.

எஞ்சினால் என்ன கேடு என்பார்க்கு ஒன்று கூறுவோம். இரும்புச் சல்பேட்டு தானே நஞ்சன்று. அரசாங்க மருத்துவமனைகளிற் கருவுற்ற மகளிர்க்கு வழங்கும் இரும்பு மாத்திரையும் அதுவே. ஆனால் அது நீரிற் கரைந்து உடலில் எளிதிற் சேரும். ஆக்ஸைடோ கரையாது, மிகச் சிறிதே சேரும். ஒரே பெயருடைய செந்தூரத்தில் ஒரு பொட்டலத்தில் ஒன்றும் மற்றொன்றில் மற்றதும் இருக்குமாயின், அளவு குறிக்கும் வைத்தியர் இருட்டிலே அம்பெய்கின்றார் என்க. இரும்புச்சத்து மிகுந்தால் சிறு குழந்தைகட்கு உயிர்க்கேடும் விளையும்.

இதனை அறிதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா. நூறு கிராம் அன்னபேதி நீர் முழுதும் நீங்கினால் 54 கிராமுக்குச் சற்று மேலாய் நிற்கும். முற்றும் சிதைந்து ஆக்ஸைடானால் 29 கிராமுக்குச் சற்றுக் குறைவாய் நிற்கும். சாறு எரிந்து போம். அதன் சாம்பல் மிகச் சிறிது. எனவே புடத்தினின்று எடுத்ததை நிறுத்துப் பார்க்க 40 கிராம் இருப்பின் வேலை முடியவில்லை என்பது வெளிப்படை. ஐயமுளதேல், சிறிது பொடியை வாலைநீரிற் கலக்கி வடித்து, அமிலமேற்றிய பேரியம் குளோரைடு இரு துளி விட, வெண்மை படிந்தால் சல்பேட்டு எஞ்சியுளது. இரண்டாம் ஆண்டு மாணவரும் செய்யத்தக்க சோதனை இது.

சூடேறும்போதே நிறுக்கும் தராசு ஒன்றும் உண்டு. 1915இல் ஜப்பானியரான கொட்டாரோ ஹோண்டா அதனை அமைத்தார். உப்பு எந்தப் பாகையில் எவ்வளவு இழந்தது என்பதை அது கோடாய் வரைந்து காட்டும். துருசை அதிலிட்டால் ஐந்து நீரும் ஒருங்கே போவதில்லை. இரண்டும் இரண்டுமாய் முன்னே போக, ஐந்தாவது 200 பாகை கடந்தும் பற்றிக்கொண்டிருந்து பின்னரே நீங்கும். நீலம் வெளுத்துப்போம். அக்கோடு படிக்கட்டுப் போல் இறங்குவதைக் காணுந்தோறும் வியப்பே.

இத்தராசு முன் வைக்கத்தக்கது மற்றொரு சொல்: கட்டு. தீயில் ஓடும் சரக்கைத் தீக்கு ஓடாமல் நிறுத்துதலே கட்டு எனப்படும். வீரம் 277 பாகையளவில் உருகி 304 பாகையளவில் கொதித்துப் போவது. பூரம் உருகாமலே பதங்கிப்பது. அவற்றைக் கட்டினோம் என்பது சூட்டைப் பற்றிய கூற்று; ஆதலின் சோதிக்கத்தக்க கூற்று. 400 பாகையிலும் எடை குறையவில்லையேல் கூற்று நின்றது எனலாமோ? அதுவும் போதாது. பாதரசம் முன்னரே ஓடிவிட, சேர்த்த பிற உப்புகளே எஞ்சி நின்று கட்டு என்று பெயர் பெற்றிருக்கவும் கூடும். எடையோடு எஞ்சியது யாது என்பதையும் பகுத்தறிய வேண்டும்.

இப்பொருளில் இரு திறத்தார் நம்மிடை உளர். ஒரு திறத்தார்க்குச் சித்தர் சொன்னதைச் சோதித்தலே நிந்தனை. மற்றையோர்க்கு அது சோதிக்கவும் தகாத மூடவழக்கு. இருவரும் தராசினருகே வாரார். 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஆய்வொன்று, பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளுள் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றுள் ஒன்றேனும் இருக்கக் கண்டது. முன்னவர் அதனைச் சதி என்றனர். பின்னவர் தீர்ப்பு என்றனர். எந்த உலோகம் எந்த வடிவில், எத்துணைச் சூடு பட்டு, எவ்வளவு கரையும் நிலையில் இருந்தது என்று கேட்டவர் சிலரே. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் 1896இல் பாதரச நைட்ரைட்டைக் கண்ட பிரபுல்ல சந்திர ராய் இரு திறத்திலும் சேரார். அவரே இந்து இரசாயனத்தின் வரலாற்றை 1902இலும் 1909இலும் இரு பாகமாக எழுதினார். ஏடும் குடுவையும் ஒருவர் கையிலே இருந்தன.

தமிழில் அத்தகைய முயற்சி இல்லையென்பதும் பொருந்தாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் முயற்சியால் 1875இல் கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. பெயர் நம் செவிக்குச் சற்று விந்தையாய் ஒலிப்பினும், இரசாயனத்தைத் தமிழிற் கற்பிக்கலாம் என்ற துணிவு அதனுள் இருந்தது.

ஆதலின் எம் கருத்து இது. தமிழ்த் துறையாரும் இரசாயனத் துறையாரும் ஆண்டுக்கொரு உப்பை எடுத்துக்கொள்க. ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிச் செய்முறையைத் தெளிவாக்கித் தருதல் தமிழ் மாணவர் கடன். அச்செய்முறைப்படியே சுட்டு, வெப்பமானி இட்டு, நிறுத்து, எஞ்சியதைப் பகுத்தல் அவர் கடன். வறட்டிப் புடத்துள்ளும் வெப்பமின்னிரட்டை எனும் கம்பியைச் செருகி ஆயிரம் வறட்டி எத்தனை பாகை என்பதைக் காணலாம். மழையிலும் வெயிலிலும் இருமுறை காணல் நன்று. முடிவு நூலுக்கு இசைந்தாலும் மாறினாலும் இவ்விதழிலேயே தமிழில் அச்சிடுக. பூரத்தையும் வீரத்தையும் மாணவர் கைக்குத் தருதல் ஆகாது. அவற்றின் ஆவி கொடிது. முதலாண்டுக்கு அன்னபேதி போதும். அதனையும் புகை போக்கும் பெட்டிக்குள்ளேதான் சுடல் வேண்டும்.