மறையுரையில் பேசட்டும்



கோவிலில் அரசியல் பேசலாமா என்று எங்கள் பங்கில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பதை 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே தடுக்கிறது; அது பீடத்தில் வேண்டவே வேண்டாம்.

ஆனால் பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி, பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. ஞானஸ்நானம் பெற்ற தலித் அங்கே வேட்பாளராக நிற்க முடியாது. காரணம், கிறிஸ்தவ தலித்துகளைப் பட்டியல் சாதியினராக ஏற்காத 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. சீக்கிய தலித்துகளை 1956-லும் பௌத்தர்களை 1990-லும் பட்டியலில் சேர்த்தார்கள். நாங்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறோம்.

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவிடம் பிள்ளையின் படிப்புக்காக, வேலைக்காக மெழுகுவத்தி ஏற்றும் தாய்மாருக்கு எங்களை வெளியே நிறுத்தும் அந்த ஆணையின் மூன்றாவது பத்தியை விளக்குவது பங்குச் சாமியாரின் கடமை. கல்லறையிலும் சாதி பார்க்கும் நம் சொந்தப் பாவத்தையும் அவர் சேர்த்தே பேசட்டும்.

– ஒரு வாசகர், அரியலூர் மாவட்டம்