பழைய ஆய்வுகளுக்குப் பூட்டு எதற்கு?

பதிப்புரிமைக் காலம் முடிந்த அறிவியல் கட்டுரைகள் பொதுச் சொத்து. அவற்றைப் படிக்கக் கட்டணம் கேட்பது நியாயமே இல்லை. உலகின் மிகப் பழைய அறிவியல் சங்கங்களில் ஒன்று இதை ஏற்றுத் தன் கதவைத் திறந்துவிட்டது. மற்றவர்களும் திறக்கும்படி செய்யும் வலிமை இந்திய அரசின் கையில் இருக்கிறது.

லண்டன் ராயல் சொசைட்டியின் ‘பிலாசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ 1665 மார்ச்சில் தொடங்கிய இதழ். ஒளியையும் நிறங்களையும் பற்றி நியூட்டன் 1672-ல் எழுதியது அதில்தான் வந்தது. லேவன்ஹூக் நுண்ணுயிர்களைக் கண்ட செய்தியும் அதில்தான் வந்தது. ஆனாலும் பல ஆண்டுகள் அவை இணையத்தில் கட்டணச் சுவருக்குப் பின்னால் கிடந்தன. 2011 ஜூலையில் அமெரிக்க இளைஞர் ஆரன் சுவார்ட்ஸ் ‘ஜேஸ்டோர்’ என்ற ஆய்விதழ்த் தொகுப்புத் தளத்திலிருந்து லட்சக்கணக்கான கட்டுரைகளைத் தரவிறக்கினார் என்று குற்றம் சாட்டப்பட்டார். வழக்கு முடியும் முன்பே, 2013 ஜனவரியில், தன் 26-வது வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். இதற்கிடையே 2011 செப்டம்பரில் ஜேஸ்டோர் மிகப் பழைய கட்டுரைகளை இலவசமாக்கியது. அடுத்த மாதமே ராயல் சொசைட்டியும் 70 ஆண்டுகளைத் தாண்டிய சுமார் 60,000 கட்டுரைகளை நிரந்தரமாகத் திறந்துவிட்டது.

அந்தத் திறப்பால் நமக்கு என்ன லாபம்? ஒரு கட்டுரையை எடுத்துப் பார்ப்போம். இன்று சென்னை வானிலை ஆய்வு மையம் இயங்கும் நுங்கம்பாக்கம் வளாகத்தில் அன்று மதராஸ் வானாய்வுக்கூடம் இருந்தது. அதன் பொறுப்பாளர் ஜான் கோல்டிங்காம் காற்றில் ஒலியின் வேகத்தை அளக்க முனைந்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கும். வெளிச்சம் தெரிந்த கணத்துக்கும் சத்தம் காதில் விழுந்த கணத்துக்கும் நடுவே எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்வார்கள். கூடவே வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்று வீசும் திசை ஆகியவையும் பதிவாகும். 1823-ல் வெளியான அந்தக் கட்டுரையில் இவையெல்லாம் அட்டவணை அட்டவணையாக இருக்கின்றன. ஜனவரியில் விநாடிக்கு 1,100 அடியை ஒட்டியிருந்த வேகம், ஜூலையில் 1,160 அடியைத் தாண்டியது. வெயில் ஏற ஏற ஒலியின் வேகமும் ஏறும் என்பதைச் சென்னை மாணவர் தன் ஊரின் கணக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம். பாடநூலில் ஒற்றை வரியாக வரும் உண்மையைக் கண்டறிய எவ்வளவு பொறுமை தேவைப்பட்டது என்பதும் அப்போது விளங்கும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சர் சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய குறிப்பு உலகப் புகழ் பெற்றது. அந்தக் கண்டுபிடிப்பின் நினைவாகவே ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஐ தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அந்தக் குறிப்பை நேச்சர் தளத்தில் முழுமையாகப் படிக்கச் சந்தா வேண்டும், இல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டும். ராமன் அதே ஆண்டில் இந்திய இதழில் எழுதிய விரிவான கட்டுரையோ, பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் மின் களஞ்சியத்தில் யாரும் படிக்கும்படி இருக்கிறது. அவர் 1934-ல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியும் தன் பழைய இதழ்களை இலவசமாகவே தருகிறது. நம் நிறுவனங்களால் முடிந்தது பெரும் பதிப்பகங்களால் முடியாதா?

பழைய தாள்களை வருடி எடுக்கவும், சேமித்துவைக்கவும் செலவாகும் என்று பதிப்பகங்கள் சொல்கின்றன. உண்மைதான். ஆனால் அந்தச் செலவில் பெரும்பகுதி ஒருமுறை செய்வது. வானியல் கட்டுரைகளுக்கு நாசாவின் துணையோடு இயங்கும் தரவுத்தளமும், தாவரங்கள், விலங்குகள் பற்றிய நூல்களுக்குப் பல நூலகங்கள் கூடி நடத்தும் பல்லுயிர் மரபு நூலகமும் வாசகரிடம் ஒரு பைசா கேட்பதில்லை. வானியற்பியலாளர் சந்திரசேகர் வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்பு பற்றி 1931-ல் எழுதிய கட்டுரையை இன்று யார் வேண்டுமானாலும் கைபேசியில் படிக்கலாம்.

மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில் சுமார் 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குக் கொண்டுவருகிறது. இது வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் பள்ளி ஆசிரியரும் கிராம நூலக வாசகரும் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். இவ்வளவு பெரிய தொகை கொடுக்கும் அரசு, 70 ஆண்டுகளைத் தாண்டிய கட்டுரைகளை இந்தியர் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பதிப்பகங்களிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். 2027-க்குப் பிறகு போடும் ஒப்பந்தத்தில் இது எழுத்தில் இடம்பெற வேண்டும்.

தமிழக அரசுக்கும் பொறுப்பு உண்டு. நம் பல்கலைக்கழகங்களும் பழைமையான கல்லூரிகளும் வெளியிட்ட அறிவியல் இதழ்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏற்ற வேண்டும். கோல்டிங்காமின் கட்டுரை போன்றவற்றை எளிய தமிழ் விளக்கத்துடன் மேல்நிலை வகுப்புகளுக்குத் தர வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே இயற்பியல் பாடத்தில் ஒரு மூலக் கட்டுரையைச் சேர்த்து, பள்ளிக் கல்வித் துறை இதைத் தொடங்கிவைக்கட்டும்.