மாரியாத்தாள் மேல் பழி போடாதீர்கள்

சுங்குவார்சத்திரத்தில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில் ஒரு ஷீட் ரூம். எட்டுப் பையன்கள், எல்லோருக்கும் கான்ட்ராக்ட் வேலை. டே ஷிஃப்ட் எழுந்த பாயில் நைட் ஷிஃப்ட் வந்து படுக்கும். போன மார்ச்சில் ஒருவனுக்கு அம்மை போட்டுவிட்டது. போட்டோ எடுத்து அனுப்பினான். பத்து நிமிஷத்தில் கான்ட்ராக்டரின் பதில்: "ஊருக்குப் போயிடு தம்பி." சம்பளம் பற்றிப் பேச்சே இல்லை. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் சங்கரன்கோவில் போனான்.

ஆபீஸ் நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். "வேப்பிலை, மஞ்சத்தண்ணியா? இந்த ஜனங்களுக்கு சயின்ஸ் எப்பதான் போய்ச் சேருமோ." யாருக்குப் போய்ச் சேரணும் என்பதில்தான் என் சண்டை.

இது வேரிசெல்லா-சோஸ்டர், ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். குளிர்நாடுகளில் பெரும்பாலோருக்குச் சின்ன வயசிலேயே வந்துபோய்விடும். நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் நிறையப் பேர் அது வராமலே வளர்ந்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு வந்தால் கடுமை, நிமோனியா வரைக்கும் இழுக்கும். அப்படிப்பட்ட இருபது வயசுக்காரர்களைக் கொண்டுவந்து ஒரே ரூமில் அடைக்கிறோம். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்று ஆரம்பித்துவிடும். அவனை பஸ் ஏற்றியதால் மற்ற ஏழு பேர் தப்பிக்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஏழு பேருக்கும் மூன்று, மிஞ்சிப்போனால் ஐந்து நாளுக்குள் தடுப்பூசி போட்டிருந்தால் பலருக்கு நோயே வந்திருக்காது. ஜப்பானில் மிச்சியாகி தகாஹாஷி 1974லேயே உருவாக்கிய ஊசி. அமெரிக்கா 1995ல் தன் குழந்தைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. நம் தேசியத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. காசிருந்தால் பிரைவேட்டில் போடலாம். என் மகளுக்குப் போட்டாச்சு. படுத்தவனுக்கோ முதல் 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்கினால்தான் நல்ல பலன். அந்த 24 மணி நேரம் பஸ்ஸோடு போச்சு.

மாத்திரை வேண்டாம், ஆத்தா கோவிச்சுக்குவா என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அது தப்பு, மழுப்ப மாட்டேன். ஆனால் அதே ஆத்தா பேரைச் சொல்லித்தான் வாசலில் வேப்பிலை செருகி, வெளியாளைத் தடுத்து, மூணாம் தண்ணி ஊற்றும்வரை அவனைப் படுக்கவிட்டார்கள். இவ்வளவு பெரிய தொழிற்பேட்டையால் அந்த ஓய்வைக் கொடுக்க முடியவில்லை. இங்கே தொழிலாளியின் நோய் செய்தியாகணும் என்றால் ரோட்டை மறிக்கணும். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள்.

கொப்புளம் ஆறினாலும் வைரஸ் உடம்பை விட்டுப் போகாது. நரம்பு முடிச்சில் பதுங்கியிருந்து, பல வருஷம் கழித்து அக்கியாக எழும். 1965ல் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற இங்கிலாந்துச் சிற்றூர் டாக்டர் தன்னிடம் வந்த நோயாளிகளை வைத்தே இதை எழுதினார். கான்ட்ராக்டரின் கணக்குப்புத்தகத்தில் அவ்வளவு நீளமான பக்கம் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து மாடியில் இன்னும் மூன்று பேருக்குப் போட்டது. அவர்களுக்கும் அதே மெசேஜ். சங்கரன்கோவில் பையன் திரும்பி வந்தபோது அவன் இடத்தில் புதுசா ஒருத்தன். அம்மை வந்திருக்கா என்று அவனை யாரும் கேட்கவில்லை.