மூடி மேல கை வைக்காதீங்க பாஸ்!

ஆழியாறு தாண்டினா வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஃப்ரெண்டோட அப்பா கார், உள்ளே ஆறு பேர், ஏ.சி. ஃபுல். பாதி மலையில டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுது, பானெட்டுல இருந்து ஆவி வருது. ஓரம் கட்டியாச்சு. ஒவ்வொரு கேங்குலயும் ஒரு அரைகுறை மெக்கானிக் இருப்பாரே, அவர் தண்ணி பாட்டிலோட நேரா ரேடியேட்டர் மூடிக்குத்தான் போவார். முதல்ல அவரைப் பிடிச்சு உட்கார வைங்க!

மூணு விசில் வந்த குக்கரை அம்மா உடனே திறப்பாங்களா? இதுவும் அதே கதைதான். திறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தை உள்ளேயே பிடிச்சு வெச்சிருக்கறதால, 110 டிகிரி தாண்டியும் கொதிக்காம அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகின நொடியே அழுத்தம் காலி. அடங்கிக் கிடந்தது மொத்தமா கொதிச்சு, வெந்நீரையும் தள்ளிக்கிட்டு வெளியே பாயும். ஆவியானா தண்ணி 1,600 மடங்குக்கு மேல விரியும். அந்த நேரம் மேல குனிஞ்சிருக்கறது உங்க முகம். 'கர்ச்சீப் சுத்தித்தானே திறக்கிறேன்'னு வீரம் பேசாதீங்க. நனைஞ்ச கர்ச்சீப் சூட்டைக் கையோட ஒட்ட வைக்கும், அவ்வளவுதான்.

இன்ஜினை அணைச்சிட்டுப் போய் டீ குடிங்க. அரை மணி நேரமாவது ஆகணும். முக்கால் மணின்னா இன்னும் நல்லது (அந்தாக்ஷரிக்கு இதை விட்டா வேற நேரம் ஏது?). சூடு நல்லா தணிஞ்சதும் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தா இன்னும் அழுத்தம் இருக்குன்னு அர்த்தம். மெத்துன்னு இருந்தா, தடிமனான துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளி வெச்சுக்கிட்டு மூடியைக் கொஞ்சமா திருப்புங்க. 'உஸ்'னு சத்தம் வந்தா நிறுத்திட்டுக் காத்திருங்க. சில கார்ல ரேடியேட்டர்ல மூடியே இருக்காது. பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக் டேங்க்கோட மூடிதான் பிரஷர் மூடி. அதுக்கும் இதே மரியாதை கொடுங்க. கொதிக்கிற இன்ஜின்ல பச்சைத் தண்ணியை ஊத்தினா உலோகத்துல விரிசல் விழலாம். அப்பறம் ஃப்ரெண்டோட அப்பாவுக்கு யார் பதில் சொல்றது?

சாவியை எடுத்தாச்சேன்னு ஃபேன் பக்கம் விரலை விடாதீங்க. பல கார்ல சூடு இருந்தா அது தானாவே சுத்த ஆரம்பிக்கும். கழுத்துல தொங்கற ஐ.டி. கார்டு, துப்பட்டா ரெண்டும் ஜாக்கிரதை.

'நம்மகிட்ட பைக்தானே'ங்கறீங்களா? 2008-ல வந்த யமஹா ஆர்15, 2012-ல வந்த கேடிஎம் டியூக் 200 ரெண்டுலயும் ரேடியேட்டர் உண்டு.

மீறி கையில பட்டுட்டா, ஓடுற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. டூத் பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். முகத்துலயோ கண்ணுலயோ பட்டா தண்ணி விட்டுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

அப்பறம் அந்த கூலன்ட். அதுல பெரும்பாலும் எத்திலீன் கிளைகால் இருக்கும். இனிக்கிற விஷம், கிட்னியைக் காலி பண்ணிடும். மாத்தின பழசை ஹாஸ்டல் வாசல்ல ஊத்திட்டுப் போனா, உங்க மெஸ் நாய்தான் முதல்ல வந்து நக்கிப் பார்க்கும்.